திருச்சிக்கு ஐம்பத்தைந்து நிமிடம்

முடிச்சூர் வில்பிரட்டிடம் என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஏர் கார்கோ" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். மேலும் துருவினால் பூ, பழம், மருந்து என்று நாலைந்து பெயர்களைச் சொல்வார். பொய் இல்லை. அவர் வேலை பார்த்த ஏஜென்சி அவற்றையும் அனுப்பியது. ஆனால் பதினோரு வருடமாக அவர் மேஜைக்கு வந்தது இறந்தவர்களின் காகிதங்கள் மட்டும்தான். சென்னையில் உயிர் போனவர்களை மதுரைக்கும் திருச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் விமானத்தில் அனுப்பிவைப்பது அவர் பொறுப்பு. ஆஸ்பத்திரிச் சான்றிதழ், போலீஸ் கடிதம், உடல் கெடாமல் மருந்து ஏற்றியதற்கான சீட்டு, பலகைப் பெட்டி, விமானத்தில் இடம் எல்லாவற்றையும் அவர் ஒருவரே பார்த்துக்கொள்வார்.

மெதுவான குரல் அவருக்கு. அழுதுகொண்டு வருகிறவர்களிடம் பேச அந்தக் குரல் தோதாக இருந்தது. ஏஜென்சி முதலாளி தோத்தாத்ரி, "வில்பிரட் பேசினா பாதி துக்கம் கொறையும்" என்று வெளியாரிடம் சொல்லிக்கொள்வதுண்டு. சொந்தக்காரர்கள் கடைசியாக ஒன்றை அவசியம் கேட்பார்கள். எவ்வளவு நேரம் அவர் அதற்குள் தனியாக இருப்பார் என்பதுதான் அது. வில்பிரட் யோசிக்காமல் சொல்வார். மீனம்பாக்கத்திலிருந்து திருச்சி முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஐம்பத்தைந்து நிமிடம். மதுரை நானூற்றுச் சொச்சம், ஒரு மணி பத்து நிமிடம். கேட்டவர்கள் அந்த எண்ணைக் கையில் வாங்கிக்கொண்டதுபோலத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். துக்கத்துக்கு ஒரு அளவைச் சொல்லிவிட்டால் அது அந்த அளவோடு நின்றுவிடும் என்று வில்பிரட்டும் நம்பிக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு மழை எல்லாருக்கும் நினைவிருக்கும். செங்கல்பட்டுக்குத் தெற்கே ஏரிகள் உடைந்து சாலைமேல் ஓடின. ரயில்களும் பாதியில் நின்றன. சாதாரண நாளாக இருந்தால் ஆம்புலன்ஸில் ஊருக்குப் போயிருக்கக்கூடிய இரண்டு உடல்கள் அந்த வாரம் ஒரே நாளில் வில்பிரட்டிடம் வந்தன.

ஒன்று ரத்தினபாய். எழுபத்தெட்டு வயது. மதுரையில் முப்பது வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்துவிட்டு, சேலையூரில் மகன் ஐசக்கின் வீட்டில் கடைசிக் காலத்தைக் கழித்தவர். கணவரின் கல்லறை மதுரையில் இருந்தது. பக்கத்தில் இவருக்கும் இடம் விட்டிருந்தார்கள். ஐசக் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி ஆபீஸில் வேலை செய்தார். அம்மாவின் பெட்டி போகும் அதே விமானத்தில் அவரும் போவதாக ஏற்பாடு.

மற்றவர் அக்தர். நாற்பத்து மூன்று வயது. பம்மலில் ஒரு தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மனைவி பரிதா திருச்சிக்குத் தெற்கே இலுப்பூர்ப் பக்கத்து ஊரில் இருந்தாள். தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு அறையில் அக்தர் தனியாகத் தங்கியிருந்தார். வேலை நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கூடப் போக ஆள் இல்லை. திருச்சியில் அவருடைய அண்ணன் அத்தாவுல்லா வந்து பெட்டியை வாங்கிக்கொள்வார்.

இரண்டு பெட்டிகளும் பல்லாவரத்தில் ஒரே தச்சர் செய்தவை. ஒரே அளவு, ஒரே வெள்ளைத் துணியால் சுற்றித் தைத்தவை. எடை முந்தின சாயங்காலமே போட்டாகிவிட்டது. துணிமேல் மார்க்கரால் பெயர் எழுதியிருந்தது. விடிகாலையில் திறந்த டெம்போவில் கொண்டுவரும்போது மழையில் நனைந்து, இரண்டு பெயர்களும் நீலத் திட்டுகளாகப் பரவிவிட்டன. வில்பிரட் அதற்காகக் கலங்கவில்லை. எது யாருடையது என்று அவருக்குத் தெரியும். இடது பக்கம் இறக்கியது ரத்தினபாய், வலது பக்கம் இறக்கியது அக்தர்.

கையில் இரண்டு லேபிள்கள், மதுரைக்கு ஒன்று, திருச்சிக்கு ஒன்று. பின்பக்கத் தாளை உரித்தும் ஆகிவிட்டது. அப்போதுதான் செல்போன் அடித்தது. வீட்டிலிருந்து ஹெப்சி.

"என்னங்க, தண்ணி உள்ள வந்துடுச்சு. பசங்கள கட்டில் மேல ஏத்திட்டேன். சிலிண்டர் மெதக்குது. என்ன பண்றதுன்னு சொல்லுங்க."

விமான நிலையத்தின் கார்கோ ஷெட்டுக்குள் சிக்னல் சரியாக இல்லை. பேசிக்கொண்டே வாசலுக்கு நடந்தார். மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். மாடி வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொன்னார். நான் வந்துவிடுகிறேன் என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். பேசி முடித்ததும் வந்த வழியே திரும்பாமல், மழைச்சாரலுக்குப் பயந்து அடுக்கிவைத்த மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கமாக உள்ளே வந்தார். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இடது வலதாகும், வலது இடதாகும். அவ்வளவுதான் நடந்தது. இடது பக்கப் பெட்டியில் மதுரை லேபிளை ஒட்டினார். வலது பக்கப் பெட்டியில் திருச்சி லேபிளை ஒட்டினார். மூலை பிரியாமல் இருக்க உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்தும் விட்டார்.

மதுரை விமானம் ஆறு நாற்பதுக்குப் போயிற்று. திருச்சி விமானம் ஏழேகாலுக்கு.

பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர் முடிச்சூர் ரோட்டில் முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தார். வண்டியை மேட்டில் ஒரு கடை வாசலில் விட்டுவிட்டு, ஒரு கையில் பாலும் ரொட்டியும் தூக்கிப் பிடித்திருந்தார். சட்டைப் பையில் போன் அடித்தது.

"வில்பிரட் சார், ஐசக் பேசறேன்." குரல் தணிந்திருந்தது. பின்னால் பலர் பேசும் சத்தம். "பெட்டியத் தொறந்தோம். எங்க அம்மா இல்ல சார்."

வில்பிரட்டுக்குப் புரியவில்லை. "இல்லன்னா?"

"யாரோ ஒரு பாய் இருக்காரு."

தண்ணீர் காலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. ரொட்டிப் பொட்டலம் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. அது மிதந்து கொஞ்ச தூரம் போவதைப் பார்த்தது மட்டும் நினைவில் இருந்தது.

அத்தாவுல்லாவின் செல் எண்ணுக்கு அடித்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. திரும்பத் திரும்ப அடித்தார். திருச்சி விமான நிலையத்தில் கேட்டார். பெட்டி எட்டரைக்கே வெளியே போய்விட்டது. அடுத்து தோத்தாத்ரி.

"மதுரைலேர்ந்து மெட்ராஸுக்கு மத்தியான ஃப்ளைட்ல ஏத்தி, இங்கேர்ந்து சாயங்கால ஃப்ளைட்ல திருச்சிக்கு அனுப்பலாமே" என்றார் தோத்தாத்ரி.

"அதுக்குள்ள அடக்கம் பண்ணிடுவாங்க சார். அவங்க காத்திருக்க மாட்டாங்க."

மதுரைக்கும் திருச்சிக்கும் இடையே ஆகாயத்தில் நூற்றிருபது கிலோமீட்டர் சொச்சம். பறந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அப்படிப் பறக்க விமானம் கிடையாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வானத்தில் போக வேண்டுமானால் எழுநூறு கிலோமீட்டர் சுற்றி மீனம்பாக்கம் வந்து போக வேண்டும். சாலையில் மூன்று மணி நேரம். ஐசக் அதற்குச் சம்மதித்தார். மதுரையிலிருந்து அக்தரை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்புவார்கள்; நடுவழியில் துவரங்குறிச்சியில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு யார் சொல்வது? காகிதத்தில் இருந்தது ஒரே ஒரு எண்தான். பகல் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று அத்தாவுல்லா முந்தின நாளே சொல்லியிருந்தார். பெட்டியைத் திறக்காமலே விட்டால் ரத்தினபாயை யாரோ ஒருவராக மண்ணுக்குள் வைத்துவிடுவார்கள்.

வீட்டுக்குப் போகாமல் திரும்பினார். வண்டி தாம்பரம் பாலத்துக்குக் கீழே நின்றுவிட்டது. தள்ளினார். உதைத்தார். சானடோரியம் வரை தள்ளிக்கொண்டே வந்தபின் உயிர் வந்தது. பம்மல் தோல் தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை. மழையால் வேலை இல்லை. தோல் தரம் பிரிக்கும் பேபி மட்டும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்தர் பாய் வீட்டு நம்பரா? இன்னாத்துக்கு சார்? காலீலதான அனுப்ச்சிகினு வந்தோம்." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள். "தோ, போன் பக்கத்துல செவுத்துல எழுதிகீது பாரு. வெள்ளிக்கிழமயானா இங்க நின்னுகினுதான் வூட்டாண்ட பேசுவாரு. ரெண்டு நிமிசம். அதுக்கு மேல பேச மாட்டாரு, மொதலாளி திட்டுவார்னு."

பென்சிலால் எழுதிய எண். நடுவில் ஒரு இலக்கம் விரல் பட்டுப் பட்டு மங்கியிருந்தது. மூன்றா எட்டா என்று தெரியவில்லை. முதலில் மூன்று போட்டார். வேறு யாரோ எடுத்தார்கள். எட்டு போட்டார். நீண்ட நேரம் மணி அடித்தது.

"யாரு?" ஒரு பெண் குரல். அழுது அழுது தேய்ந்த குரல்.

"அம்மா, மெட்ராஸ் ஏர்போர்ட்லேர்ந்து பேசறேன். வீட்ல ஆம்பளைங்க யாராவது இருக்காங்களா?"

"எல்லாரும் குழி வெட்டுற எடத்துல நிக்கிறாக. குளிப்பாட்டுறவுக வர்ற வரைக்கும் பெட்டியத் தொறக்க வேணாம்னுட்டாக. நான்தான் கூட உக்காந்திருக்கேன். சொல்லுங்க."

"நீங்க யாரும்மா?"

"பரிதா. அவுக வீட்டுக்காரி."

பதினோரு வருடத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறார். இப்படி ஒன்றை ஒருவருக்கும் சொன்னதில்லை. "அம்மா, பெட்டி மாறிடுச்சும்மா" என்றார். "லோடிங்ல மாறிடுச்சு. உங்க வீட்ல இருக்கறது அவர் இல்ல. அவர் மதுரைல இருக்காரு. கெளம்பிட்டாரு. நாலு மணிக்குள்ள வந்துடுவாரு. அடக்கம் பண்ண வேணாம்னு சொல்லிடுங்க."

அந்தப் பக்கம் மழை ஓட்டில் விழும் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு கோழி கத்தியது.

"அப்ப இது யாரு?"

"ஒரு வயசான அம்மா. டீச்சரா இருந்தவங்க."

அதற்குப் பிறகு அவள் சொன்னது வில்பிரட்டுக்குச் சொன்னதல்ல. தனக்குத்தானே, மிகவும் மெதுவாக, கணக்குப் பார்ப்பதுபோலச் சொன்னாள்.

"ஒம்பதரைலேருந்து இதுகிட்டதான் பேசிக்கிட்டிருக்கேன்."

போனை வைக்காமல் போட்டுவிட்டு நடந்துபோகும் காலடி கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வில்பிரட் ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றார். ரொம்ப நேரம் கழித்து ஒரு ஆண் வந்து, "யாருங்க?" என்று கேட்டார். அது அத்தாவுல்லா.

துவரங்குறிச்சியில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக இரண்டு ஆம்புலன்ஸ்களும் சந்தித்துக்கொண்டன. யாரும் சண்டை போடவில்லை. தூறலில் ஐசக் ஒரு பக்கமும் அத்தாவுல்லா மறுபக்கமும் பிடித்து இரண்டு பெட்டிகளையும் மாற்றி வைத்தார்களாம். அக்தர் நாலு மணிக்கு வீட்டுக்குப் போனார். இருட்டுவதற்குள் அடக்கம் ஆயிற்று. ரத்தினபாயை மறுநாள் காலையில் கணவருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். எல்லாரும் எங்கே போக வேண்டுமோ அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். முடிச்சூரிலும் மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. ஹெப்சி சேற்றை வாரிக் கொட்டினாள். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களை மொட்டைமாடியில் காயப்போட்டாள். அன்று காலை அவள் போன் பண்ணிய நேரத்தில் அவர் கையில் என்ன இருந்தது என்பதை வில்பிரட் அவளிடம் சொல்லவில்லை.

ஐசக் விமான நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அது சுற்றிச் சுற்றி தோத்தாத்ரியின் மேஜைக்கு வந்தது.

"ஏத்தற எடத்துல மாறிடுத்துன்னு எழுதிடறேன்" என்றார் தோத்தாத்ரி. "நம்ம பேர் கெட்டா நாளைக்கு ஒருத்தரும் வர மாட்டா. நீ ஒண்ணும் பேச வேண்டாம்."

வில்பிரட் ஒன்றும் பேசவில்லை. அன்று பெட்டிகளைத் தூக்கிய குப்புராஜ் என்ற லோடர் விமான நிலையத்துக்குள் நுழையக் காட்டும் கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். திரிசூலம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் அவன் ஒருநாள் வில்பிரட்டைப் பிடித்துக்கொண்டான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"சார், நா தூக்கினேன். லேபிள் ஒட்ல. நீ சொல்லு சார், நா எத்த மாத்தினேன்?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வில்பிரட் நடந்தார்.

அடக்கம் முடிந்து எட்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் போன் அடித்தது. "சார், நான் பரிதா பேசுறேன்." பெட்டியோடு வந்த சீட்டில் இருந்த எண்ணைப் பார்த்துப் பேசுவதாகச் சொன்னாள். திட்டப்போகிறாள் என்று அவர் காத்திருந்தார். அவள் ஒன்றைத்தான் கேட்டாள்.

"அந்த அம்மா பேரு என்ன?"

சொன்னார். வைத்துவிட்டாள்.

பிறகு அது வழக்கமாயிற்று. ஒரு வாரம், சில சமயம் பத்து நாள் போகும். போன் வரும். ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்விதான். எத்தனை பிள்ளைகள் அந்த அம்மாவுக்கு? எந்த வகுப்புக்குப் பாடம் எடுத்தாங்க? எங்கே அடக்கம்? வில்பிரட்டுக்குத் தெரிந்ததைச் சொல்வார். தெரியாததை ஐசக்கிடம் கேட்டுவைத்து அடுத்த தடவை சொல்வார். அந்தப் போனுக்கு அவர் பயந்தார். வராத வாரங்களில் ஏன் வரவில்லை என்று நாள்காட்டியைப் பார்த்தார்.

நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, அவர்தான் கேட்டார். "ஏம்மா இதெல்லாம் கேக்கறீங்க?"

"வெளிய போகக்கூடாது சார் நான், அவுக போனதுக்கு இத்தா இருக்கேன். நாலு மாசம் பத்து நாளு. ஒக்காந்து ஒக்காந்து அதேதான் ஓடுது. பதினேழு வருசம் அவுக பம்மல்ல, நான் இங்க. வெள்ளிக்கிழம ரெண்டு நிமிசம் பேசுவாக. அதுல என்னத்தச் சொல்ல? அன்னைக்கு வீட்ல ஒருத்தரும் இல்ல, பெட்டி மட்டும் இருந்துச்சு. எல்லாத்தையும் சொன்னேன். ஒரு விசயத்துக்கு மன்னிப்பும் கேட்டேன். அது அவுகளுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. அப்புறம் அவுக வந்தப்ப ஒரே கூட்டம். தண்ணி கொண்டா, துணி கொண்டான்னு. மொகத்தக் காட்டுனாக. அவ்வளவுதான். தூக்கிட்டாக. ரெண்டாந்தரம் சொல்ல எனக்கு வாயி வரல சார். நான் சொன்னதெல்லாம் அந்த அம்மாகூடப் போயிருச்சு."

அன்றிலிருந்துதான் வில்பிரட்டை அது பிடித்தது. காலை ஏழேகாலுக்குத் திருச்சி விமானம் மேலேறும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார். மணி எட்டு பத்து ஆகும்வரை ஒன்றும் ஓடாது. யாராவது பேசினால் பதில் சொல்வார், ஆனால் காது வேறெங்கோ இருக்கும். ஷெட்டில் ஒரு பெட்டியோடு தனியாக நிற்க நேர்ந்தால், பலகைக்குப் பக்கத்தில் வாயை வைத்து ஒரு பெண் மெதுவாகப் பேசுவது கேட்கும். சொற்கள் தெளிவாக இருக்காது. கேட்டுவிடலாம் போலக் கிட்டத்தில் இருக்கும். குனிவார். ஈரப் பலகையின் வாசனை வரும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லாரும் தலைகுனிந்து முணுமுணுக்கும்போது அவருக்கு வேர்த்துவிடும். ஹெப்சி, "பிரஷர் பாருங்களேன்" என்றாள். பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

பெட்டியை மூடுவதற்கு முன் ஒருமுறையும் லேபிள் ஒட்டுவதற்கு முன் ஒருமுறையும் முகத்தைத் திறந்து பார்க்கும் வழக்கம் அவருக்கு வந்தது. சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். சிலர் சண்டைக்கு வந்தார்கள். அவர் விடவில்லை. தைத்த துணியைப் பிரித்து, மூடியைத் தூக்கி, முகத்தைப் பார்த்து, பெயரைச் சத்தமாகப் படித்து, பிறகுதான் ஒட்டுவார்.

அடுத்த ஏப்ரலில் பரிதா வந்தாள். அக்தருக்குத் தொழிற்சாலையிலிருந்து வரவேண்டிய காகிதங்களில் கையெழுத்துப் போட அத்தாவுல்லா அழைத்துவந்திருந்தார். பம்மலிலிருந்தே போன் பண்ணினாள்.

"அந்த அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீகளா?"

அவர் தொழிற்சாலை வாசலில் போய் நின்றபோதுதான் முதன்முதலாக அவளைப் பார்த்தார். குரலை வைத்து அவர் நினைத்திருந்ததைவிடச் சின்னவள், நாற்பது இருக்காது. மூன்று பேரும் ஆட்டோவில் ஏறினார்கள். அத்தாவுல்லா டிரைவருக்குப் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்துகொண்டார். வெயிலில் கண் கூசியது. தாம்பரம் தாண்டி வேளச்சேரி ரோட்டில் திரும்பும்போது வில்பிரட் சொன்னார்.

"லோடிங்ல மாறலம்மா. நான்தான் லேபிள் ஒட்டினேன். மாத்தி ஒட்டிட்டேன்."

அத்தாவுல்லா திரும்பிப் பார்த்தார். பரிதா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரோ ஒருத்தர்தான ஒட்டிருப்பாக" என்றாள். பிறகு, "அந்தத் தூக்குற ஆளுமேலதான் தப்புன்னு நீங்க ஒருதரம் சொன்னீகளே. அவரு வேலைக்கு வந்துட்டாரா?" என்று கேட்டாள்.

"இல்ல."

அவள் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஐசக்குக்கு இவர்கள் வருவதில் விருப்பம் இல்லை என்பது வாசலிலேயே தெரிந்தது. முடிந்துபோன விஷயம் என்று வில்பிரட்டிடம் போனிலேயே சொல்லியிருந்தார். ஆனாலும் உட்காரச் சொன்னார். அவரே உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். சுவரில் ரத்தினபாயின் படம் இருந்தது. கண்ணாடி போட்ட, ஒல்லியான முகம். பரிதா எழுந்துபோய் அதன் முன்னால் நின்றாள்.

"சார், உங்க அம்மாகிட்ட நான் ரெண்டு மணி நேரம் பேசிட்டேன். அவுகன்னு நெனச்சு. சொல்லக்கூடாததும் சொல்லிட்டேன்."

ஐசக் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். வில்பிரட்டைப் பார்த்தார். அத்தாவுல்லாவைப் பார்த்தார். கடைசியில், தயங்கித் தயங்கி, "அம்மாவுக்குக் காது கேக்காதும்மா" என்றார். "ஆறு வருஷமா. மெஷின் வாங்கிக் குடுத்தேன், தலை வலிக்குதுன்னு கழட்டி வெச்சிடுவாங்க. காதுகிட்ட போய்க் கத்தினாத்தான் உண்டு."

பரிதா அவரையே பார்த்தாள்.

"நான் மெதுவாத்தான் பேசுனேன்" என்றாள்.

அவள் உதட்டில் ஏதோ ஒன்று ஓடியது. அது சிரிப்பாகவும் இருக்கலாம். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தோள்கள் குலுங்கின. ஐசக் எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள். "அவுகளத் தொறந்து பாத்தது நீங்கதான? நான் சரியாப் பாக்கல. எப்புடி இருந்தாக?"

ஐசக் யோசித்தார். பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல வேண்டும் என்று யோசித்தார் போலும். "நெத்தியில தொழுத தழும்பு இருந்துச்சு. தாடி ஒரு பக்கம் மட்டும் நரைச்சிருந்துச்சு, இடது பக்கம். வாய் லேசாத் தொறந்து, ஏதோ கேக்க வந்த மாதிரி இருந்தாரு."

"அது பல்லு" என்றாள் பரிதா. "முன்பல்லு எத்தி இருக்கும். தூங்குறப்பயும் அப்புடித்தான், வாயி மூடாது."

"மொதல்ல எல்லாரும் கத்திட்டாங்க. அப்புறம் என் தங்கச்சி ஒரு வெள்ளப் போர்வை கொண்டுவந்து போத்தினா. வண்டி வர்ற வரைக்கும் பக்கத்துலயே இருந்தா. அழுதா. யாருன்னே தெரியாதவருக்கு ஏண்டி அழறேன்னேன். அம்மாவுக்குன்னு வந்த அழுகை, எங்கயாவது போகணும்ல அண்ணான்னா."

"தனியா விடலயே?"

"இல்லம்மா. ஒரு நிமிஷம்கூட விடல."

பெருங்களத்தூரில் திருச்சி பஸ் ஏற்றிவிடும்போது பரிதா வில்பிரட்டிடம், "போய்ட்டு வர்றேன் அண்ணே" என்றாள். அதுவரை சார் என்றுதான் கூப்பிட்டிருந்தாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து போன் வரவில்லை. தனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

மறுநாள் வில்பிரட் தோத்தாத்ரியின் அறைக்குப் போய், லேபிளை மாற்றி ஒட்டியது தான்தான் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தோத்தாத்ரி அதைப் படித்துவிட்டு மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"ஆறு மாசம் கழிச்சு இது எதுக்குடா?"

"குப்புராஜ் பாஸ் சார்."

பாஸ் திரும்பக் கிடைத்தது. ஆனால் குப்புராஜ் அதற்குள் வண்டலூரில் ஒரு குடோனில் சேர்ந்திருந்தான். அவன் திரும்பி வரவில்லை. வில்பிரட்டை வேலையை விட்டு அனுப்பவில்லை. இறந்தவர்களின் மேஜையிலிருந்து மட்டும் எடுத்து, மீன் பிரிவுக்கு மாற்றினார்கள். கோவளத்திலிருந்து தினமும் காலையில் உயிர் நண்டு வரும். கால்களைக் கட்டி, ஈரச் சாக்கு போட்டு, தெர்மோகோல் பெட்டிகளில் அடைத்து, விமானத்தில் ஏற்ற வேண்டும். நல்ல வேலை, அழுகை இல்லாத வேலை என்று ஹெப்சி சந்தோஷப்பட்டாள். அவளுக்கு அவர் சொன்னதெல்லாம், புரமோஷன் மாதிரி ஒரு மாறுதல் என்பதுதான்.

முதல் நாள் முதல் பெட்டியைத் தூக்கினார். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாலு அடி நடந்தபோது, உள்ளே ஏதோ ஒன்று மூடியை மெதுவாகச் சுரண்டியது. நின்றார். மறுபடியும் சுரண்டியது. பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு ஷெட்டுக்கு வெளியே போய், வெயிலில் ஒரு சிமெண்ட் கட்டைமேல் உட்கார்ந்தார். ஓடுபாதையிலிருந்து ஒரு விமானம் எழும்பித் தெற்கே திரும்பிற்று. எந்த ஊர் விமானம் என்று அவருக்குத் தெரியும். அண்ணாந்து பார்க்கவில்லை. அதன் சத்தம் ஓயும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு உள்ளங்கைகளைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பத்து மணி இருபது நிமிட விமானத்துக்கு இன்னும் முப்பத்தாறு பெட்டிகள் ஏற்ற வேண்டியிருந்தது.